ஏழாவது வில்லை

ஏழாவது வில்லை எழுந்து நின்றது ஒரு புதன்கிழமை, காலை பதினொன்றே முக்காலுக்கு. அன்புக்கரசி அதைக் காந்தத்தின் மேல் வைத்துவிட்டு நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் வைத்த ஆறும் வைத்த இடத்தில் அப்படியே கிடந்தன, இதுவும் கிடக்கும் என்றுதான் அவள் நினைப்பு. நிமிர்ந்தபோது, மாத்திரை அளவுள்ள அந்தச் சாம்பல் நிற வில்லை ஒரு ஓரத்தை மட்டும் ஊன்றிக்கொண்டு மறு ஓரத்தைக் காற்றில் தூக்கி நின்றது. விரலால் அமுக்கினாள், படுத்தது. விரலை எடுத்தாள், எழுந்தது. அவளுக்கு வியர்த்துவிட்டது.

ஒரு மாத்திரை தலைதூக்கியதற்கா இவ்வளவு வியர்வை என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பியில் ஓடுகிற மின்சாரம் போகிற வழியெல்லாம் சூடாகிக் கொஞ்சம் வீணாகிறது. சில பொருள்களில் மட்டும் ஒரு துளிகூட வீணாவதில்லை. காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் அவை அதன் மேல் மிதக்கவும் செய்யும். மீக்கடத்தி என்று பெயர். ஆனால் இந்த வித்தையெல்லாம் கடுங்குளிரில்தான். கொடைக்கானல் குளிர் இல்லை, சுவாசிக்கிற காற்றே தண்ணீர் மாதிரி திரவமாகிப்போகிற குளிர். நாம் உட்கார்ந்திருக்கிற அறையின் சூட்டிலேயே இதைச் செய்கிற பொருளைத்தான் உலகம் தலைகீழாக நின்று தேடிக்கொண்டிருக்கிறது.

சில வருஷம் முன்பு வெளிநாட்டில் ஒரு குழு கண்டுபிடித்துவிட்டோம் என்று சொன்னது. காரீயமும் செம்பும் பாஸ்பரஸும் சேர்த்துச் சுட்ட ஒரு கல். உலகமெங்கும் அதே கல்லைச் சுட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லை என்று கைகழுவினார்கள். கைகழுவிய அந்தச் சமையல் குறிப்பில் ஒரே ஒரு சாமானை மாற்றி, வத்தலக்குண்டு ரோட்டில் ஒரு தனியார் கலைக் கல்லூரியின் இயற்பியல் துறையில், உள்ளூர்ப் பட்டறையில் சொல்லிச் செய்த உலையில் சுட்டுக்கொண்டிருந்தாள் அன்புக்கரசி. வயது முப்பத்தாறு. பதினோரு வருஷமாக உதவிப் பேராசிரியை. பகலில் நான்கு வகுப்பு, மிஞ்சிய நேரத்தில் உலை. இது உருப்படுகிற வேலையா என்று கேட்காத ஆள் அந்தத் துறையில் ஒருவர்தான், அவரும் அட்டெண்டர்.

அவள் செய்த முதல் தப்பு, பத்தொன்பது நொடி வீடியோ எடுத்துத் துறையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டது. ‘பார்க்கவும். இன்னும் உறுதி இல்லை’ என்று கீழே எழுதியிருந்தாள். கல்லூரித் தாளாளர் பெருமாள்சாமி நூற்பாலை வைத்திருப்பவர், பிசிறு இருந்தால் வெட்டிவிடுவது அவருக்குத் தொழில் பழக்கம். இரண்டாவது வரியை வெட்டிவிட்டு வீடியோவை ஊருக்கே அனுப்பினார். மறுநாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஃபிளெக்ஸ் ஏறிவிட்டது. வில்லையின் படம் பெரிது, அவள் படம் அதைவிடப் பெரிது, பெருமாள்சாமியின் படத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘உலகுக்குப் பூட்டு தந்த ஊர், இன்று சாவி தருகிறது’ என்று ஒரு வாசகம். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை பாராட்டு விழா என்றும் போட்டிருந்தது. அவளைக் கேட்கவே இல்லை.

உள்ளுக்குள் அவளுக்கு ஒரு நெருடல் இருந்தது. அசல் மீக்கடத்தி ஓரம் ஊன்றி நிற்காது. முழுதாக எழும்பி மிதக்கும், காந்தத்தைத் தலைகீழாகத் திருப்பினாலும் விழாமல் தொங்கும். இரும்பு கலந்த வெறும் மண்ணாங்கட்டிகூட இப்படி ஒரு ஓரம் தூக்கி நிற்கும். இது அவளுக்குத் தெரியும், மாணவர்களுக்குச் சொல்லியும் இருக்கிறாள். தெரிந்ததைத் தெரியாத மாதிரி ஐந்து நாள் ஓட்டினாள். ஆசை யாரை விட்டது? அந்த ஐந்து நாளில், முன்பே அரைத்து வைத்திருந்த பொடியில், அதே அளவு, அதே சூடு, அதே நேரம் வைத்து எட்டு, ஒன்பது, பத்து என்று மூன்று வில்லை சுட்டாள். மூன்றும் அசையாமல் கிடந்தன.

செவ்வாய்க்கிழமை காலையில் அட்டெண்டர் அந்தோணிமுத்துவைக் கூப்பிட்டாள். இருபத்திரண்டு வருஷம் அந்த ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குவளை கழுவியவர். ஃபிளெக்ஸ் ஏறிய நாளிலிருந்து சட்டையைக் கால்சராய்க்குள் செருகிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

“அண்ணே, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. ஏழாவதுக்கு மட்டும் நாம எதையாச்சும் மாத்திச் செஞ்சோமா?”

அவர் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. “சொன்னா மேடம் கோவிப்பீக.”

“கோவிக்க மாட்டேன். சொல்லுங்க.”

“அன்னிக்கு உங்களுக்கு மணிக்கட்டு வீங்கிக் கட்டுப் போட்டிருந்தீகல்ல? அந்த வெள்ளப் பவுடர் டப்பாவ எங்கிட்டக் குடுத்து, அஞ்சு மணி நேரம் குழவிக்கல்லுல அரைங்கண்ணேன்னு சொல்லிட்டுப் போனீக. அரை மணி நேரத்துலயே எனக்குத் தோளு கழண்டுபோச்சு. நாளைக்கும் இந்தப் புள்ளைதான வீங்குன கைய வச்சுக்கிட்டு அரைக்கும்னு நெனச்சேன். மத்தியானம் சாப்பாட்டுக்குப் போகையில எங்க தெரு மரியராஜ் மில்லுல குடுத்து ஒரு ஓட்டு ஓட்டிக்கிட்டு வந்துட்டேன். முகத்துக்குப் போடுற பவுடரு மாதிரி வந்துச்சு மேடம்! பிரஷ்ஷு வச்சு ஒரு பொட்டு விடாம வழிச்சுட்டேன்.”

“மாவு மில்லுலயா?”

“ஆமா. அதுலயும் கல்லு மில்லுல குடுக்கல. மண்ணு உதிரும்னு எனக்குத் தெரியாதா? இரும்புத் தட்டு போட்ட மில்லாப் பாத்துல்ல குடுத்தேன்.”

அவள் ஏழாவது வில்லையை எடுத்துக் குழவிக்கல்லில் போட்டு உடைத்தாள். அந்தோணிமுத்து “ஐயோ மேடம்” என்று கத்தியேவிட்டார். பொடியைத் தாளில் கொட்டி, தாளுக்கு அடியில் காந்தத்தைப் பிடித்து மெல்ல இழுத்தாள். சாம்பல் பொடியிலிருந்து மிளகுத்தூள் போலக் கரும்புள்ளிகள் பிரிந்து காந்தத்தின் பின்னாலேயே நடந்து போயின. மில்லில் ஒட்டியிருந்த மாவெல்லாம் உலையில் எரிந்துபோயிருக்கும். தட்டு உதிர்த்த இரும்பு மட்டும் மிச்சம் இருந்து எழுந்து நின்றிருக்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்தாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். வெள்ளிக்கிழமை மேடையை நினைத்தாள். ஜெர்மனியிலிருந்து யாரோ முன்பின் தெரியாத பேராசிரியர் அனுப்பியிருந்த மின்னஞ்சலை நினைத்தாள். இனிமேல் வராந்தாவில் நடக்கும்போது மற்ற துறைக்காரர்கள் எப்படிச் சிரிப்பார்கள் என்றும் நினைத்தாள். பதினோரு வருஷத்தை நினைத்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. சுவர்க் கடிகாரத்தின்படி இதற்கெல்லாம் பத்து நிமிஷம் ஆனது. பிற்பாடு எத்தனையோ தடவை அவள் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தது அந்தப் பத்து நிமிஷத்தைத்தான்.

பத்து நிமிஷத்துக்குப் பிறகு, ஏழாவதைக் கோடு போட்டு அடித்துவிடலாம் என்று நோட்டைத் திறந்தாள். ஏழாவது வில்லையின் பக்கத்தில், சுடுவதற்கு இரண்டு வாரம் முந்தைய தேதியில், அவள் கையெழுத்தில் இருந்தது: அரைக்கும் முன் 60 கிராம், அரைத்த பின் 59. பக்கத்தில் ‘சிந்தல்’ என்று ஒரு வார்த்தை.

அந்த ஒரு கிராம் எங்கே போயிற்று என்று நினைத்த மாத்திரத்தில் மாவு மில்லின் இரும்புத் தட்டு கண்முன் வந்தது. அந்த வெள்ளைப் பவுடரில் முக்கால் பங்குக்கு மேல் காரீயம். காரீயம் உடம்புக்குள் போனால் என்ன செய்யும் என்பது பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

“அண்ணே, உங்களுக்கு மாஸ்க்கும் கையுறையும் குடுத்திருந்தேன்ல. அது எதுக்குன்னு நினைச்சீங்க?”

“பவுடர்ல நம்ம எச்சி, வேர்வை பட்டுக் கெட்டுப்போயிரக் கூடாதுன்னுதான மேடம்?”

“அது விஷம்ணே.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டப்பாவில் அவள் ஒட்டியிருந்தது எஸ்-7 என்ற சீட்டு மட்டும். மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் வகுப்பெடுத்து எச்சரித்தவள், தினமும் கூட நிற்கிற மனிதருக்கு ஒரு வாக்கியம் சொல்லியிருக்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அட்டெண்டர்கள் கேட்பதில்லை, கேட்காதவர்களுக்கு யாரும் சொல்வதும் இல்லை, கல்லூரிகளெல்லாம் அப்படித்தான் நடக்கின்றன.

அவருடைய டிவிஎஸ்ஸின் பின்னால் உட்கார்ந்து மில்லுக்குப் போனாள். பேகம்பூர் போகிற வழியில், ஒரு சந்து முனையில் இருந்தது. பெல்ட்டு ஓடுகிற சத்தத்தில் தெருவே அதிர்ந்தது. புருவமெல்லாம் மாவு படிந்த மரியராஜ் அவளைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக மோட்டாரை நிறுத்தினார்.

“வாங்க டீச்சர்! ஃபிளெக்ஸ்ல பாத்தேன். அந்தக் கல்லு நம்ம மில்லு மாவுதான்னு நானும் நாலு பேருகிட்டச் சொல்லிக்கிட்டிருக்கேன்.”

“அண்ணே, அன்னிக்கு அந்தப் பவுடர அரைச்ச பிறகு மில்லைச் சுத்தம் பண்ணீங்களா?”

“மிளகா, மல்லின்னா பண்ணுவோம். அடுத்தவுக மாவு காரமாயிரும்ல? ஒரு படி அரிசியப் போட்டுத் தள்ளிவிட்டுட்டுத்தான் அடுத்தது. இது வெள்ளையா, வாசம் எதுவும் இல்லாம இருந்துச்சு. காலேஜ் சாமான், படு சுத்தம்னு அந்தோணி வேற சொன்னாப்ல. எதுக்கு அரிசிய வீணாக்கணும்னு நேரா அடுத்த டப்பாவக் கொட்டிட்டேன்.”

“அடுத்தது என்ன?”

மரியராஜ் யோசிக்கவே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது. அவருக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் அவர் அன்று ஒரு நல்ல காரியம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தார்.

“சத்துமாவு. பேகம்பூரு அஃப்சானாவோடது, நைனா முகமது வீட்டுக்காரி. கைப்புள்ளைக்குக் கூழு காய்ச்சக் குடுத்த டப்பா. ரெண்டு கிலோ இருக்கும். வரிசைப்படி பாத்தா ரெண்டு மிளகாய்க்காரவுக முன்னாடி நின்னாக. புள்ளை திங்கிறதுல காரம் சேரக் கூடாதுன்னு நாந்தான் அத முன்னால இழுத்து, இந்த வெள்ளப் பவுடருக்குப் பின்னாடியே போட்டேன்.” அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “ஏன் டீச்சர்?”

சொன்னாள். ஈயம் என்றால் ரசம் வைக்கிற ஈயச் சொம்பு ஈயமா என்று கேட்டார். அது வெள்ளீயம், இது காரீயம் என்றாள். அப்புறம் மிளகாய் கொடுத்தவர்கள் யார், அவர்களுக்குப் பின்னால் யார் என்று கேட்டாள். இருபத்திரண்டு நாள் ஆகிவிட்டது, எத்தனை டப்பா, எத்தனை வாளி, எல்லாருக்கும் பேரா எழுதி வைக்கிறோம் என்று அவர் அழாத குறையாகச் சொன்னார். பிறகு யாரும் சொல்லாமலே ஷட்டரைப் பாதி இறக்கினார். உள்ளே அரைபடாத கோதுமை ஒரு வாளியில் அப்படியே இருந்தது.

தெரு திரும்பியதும் அஃப்சானாவின் வீடு. அந்தோணிமுத்து வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். வருகிற வழியில் அன்புக்கரசி எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று நான்கு விதமாக யோசித்து வைத்திருந்தாள். கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு குழந்தை, முந்தானையால் தலையை மூடிக்கொண்டே, “அல்லாவே, பறக்குற கல்லு மேடம்!” என்றாள். யோசித்து வைத்ததெல்லாம் அங்கேயே போயிற்று.

“உள்ள வாங்க மேடம். நைட்டெல்லாம் இவனோட அத்தா உங்க வீடியோவத்தான் போட்டுப் போட்டுப் பாத்தாக. நம்ம ஊருப் பொம்பளன்னு எம்புட்டுச் சந்தோசம் தெரியுமா? இருங்க, சர்பத்து போடுறேன்.”

“சர்பத்து வேணாம்மா. பையனுக்குச் சத்துமாவுக் கூழா குடுக்கிறீங்க?”

“ஆமா மேடம், ரெண்டு வேளையும் அதான்.” அவள் குழந்தையின் முகத்தைத் துடைத்தாள். தப்ரேஸ் என்று பெயர், அடுத்த மாதம் வந்தால் இரண்டு வயது. வெளியாளைப் பார்த்தும் நிமிராமல் தாயின் தோளில் கன்னத்தை வைத்து முனகிக்கொண்டிருந்தான். “இப்ப ரெண்டு வாரமா என்னமோ பண்ணுது. வயித்தப் புடிச்சுக்கிட்டு அழுவுறான், வெளிக்கும் போகல. ஓடிக்கிட்டுத் திரிஞ்ச புள்ள, இப்பத் தூக்கு தூக்குங்குறான். கண்ணேறா இருக்கும்னு ஓதி ஊதிக்கிட்டு வந்தோம். பூச்சி மருந்தும் குடுத்தாச்சு. சோறு எறங்க மாட்டேங்குதேன்னு நாந்தான் கூழுல ரெண்டு கரண்டி மாவு சேத்துப் போட்டுக் குடுக்குறேன்.”

அன்புக்கரசி டப்பாவைக் கேட்டாள். பெரிய எவர்சில்வர் டப்பா, மூடியில் பெயர் வெட்டியிருந்தது. அடியில் நாலு கரண்டி மாவு இருந்தது. இரண்டு கிலோவில் நாலு கரண்டி.

நின்றுகொண்டே சொன்னாள். தன்னுடைய பவுடர், மில், தட்டில் ஒட்டிய ஒரு கிராம், அதற்கு அடுத்து இந்த டப்பா. மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பது ஒன்றுதான் அவள் பிடித்துக்கொண்டிருந்த கயிறு. சொல்லச் சொல்ல அஃப்சானாவின் முகத்தில் சிரிப்பு உடனே போகவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. அவள் டப்பாவை வாங்கி மோந்து பார்த்தாள்.

“நல்லாத்தான இருக்கு,” என்று சொல்லி, ஒரு சிட்டிகை எடுத்து நாக்குக்குக் கொண்டுபோனாள்.

அன்புக்கரசி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். அந்தப் பிடியில்தான் அஃப்சானா நம்பினாள் போலிருக்கிறது. டப்பா சரிந்து கொஞ்சம் மாவு இரண்டு பேர் மேலும் கொட்டியது.

“நீங்களா மேடம்?”

“ஆமா.”

வாசலில் அந்தோணிமுத்து செருப்பை விட்டுவிட்டு வந்து நின்றார். “நாந்தாம்மா மில்லுல குடுத்தேன். மேடத்துக்குத் தெரியாது.”

“அவருக்கு அது என்னன்னு நான் சொல்லலை,” என்றாள் அன்புக்கரசி. “என்னை மட்டும் சொல்லும்மா.”

அஃப்சானா யாரையும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு அறை அறைந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அன்புக்கரசிக்குத் தோன்றியது. அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டு, “இப்ப என்ன செய்யணும்?” என்று மட்டும் கேட்டாள்.

தப்ரேஸைத் தூக்கிக்கொண்டு குழந்தை நல மருத்துவரிடம் போனார்கள். தோல் கம்பெனியில் வேலை செய்கிற நைனா முகமது பாதி ஷிஃப்டில் ஓடிவந்தார். மருத்துவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார், மீதி மாவை ஒரு பையில் போட்டுக் கட்டச் சொன்னார், ரத்தம் எடுத்தார். இந்தச் சோதனை சென்னையில்தான் செய்ய வேண்டும், முடிவு வர நாலு நாள் ஆகும் என்றார். மில்லில் அரைத்த மற்றவர்களுக்கு என்று அவள் இழுத்தபோது, பின்னால் போகப் போகக் கலந்து குறைந்திருக்கும், பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாமலே போய்விடலாம் என்றார். சுகாதாரத் துறைக்குத் தானே தகவல் சொல்வதாகவும் சொன்னார். அப்போது அந்தோணிமுத்துவும், பின்னாலேயே வந்துசேர்ந்த மரியராஜும் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வரிசையாக நின்று ரத்தம் கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஊசி போட நிற்கிற பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள்.

மறுநாள் பெருமாள்சாமியிடம் போனில் சொன்னாள். அது மீக்கடத்தி இல்லை, இரும்பு என்றாள்.

“ஏம்மா, தன்னடக்கம் வேணும்தான். அதுக்காக இப்படியா?”

“தன்னடக்கம் இல்ல சார், உண்மை. அதோட ஒரு குழந்தைக்கு...”

குழந்தை விஷயத்தைக் கேட்டதும் அவர் குரல் இறங்கியது. அதை உதாசீனப்படுத்துகிற மனிதர் இல்லை, அவருக்கும் பேரன் இருக்கிறான். “அந்தப் புள்ளைக்கு என்ன வைத்தியம்னாலும் கல்லூரி பாத்துக்கிரும். ஆனா அதுக்கும் இதுக்கும் ஏம்மா முடிச்சுப் போடுற? வெள்ளிக்கிழமை முடியட்டும். கலெக்டர் ஆபீஸ்ல இருந்து ஆளு வருது. அதுக்கப்புறம் இரும்போ துரும்போ, நிதானமாச் சொல்லிக்கிருவோம்.”

அவள் அதே வாட்ஸ்அப் குழுவில் எழுதினாள்: ‘ஏழாவது வில்லை மீக்கடத்தி அல்ல. அதில் இரும்பு கலந்திருந்தது. தவறு என்னுடையது.’ நாற்பத்தொரு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள். ‘பெரியவர்களின் பணிவு’ என்று ஒருவர் எழுதினார். வீடியோ அதற்குள் எங்கெங்கோ போயிருந்தது, ஏதோ ஒரு வட இந்தியச் சேனலில் யாரோ அவளைக் காஞ்சிபுரத்துக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஜெர்மனிப் பேராசிரியருக்கு மட்டும் தனியாக எழுதினாள். இப்படி நடப்பது சகஜம், வருந்த வேண்டாம், சொன்னதற்கு நன்றி என்று இரண்டு வரியில் பதில் வந்தது. இரும்புக்கு அவர் ஆறுதல் சொல்லிவிட்டார். மற்றதை அவருக்கு அவள் எழுதவில்லை.

வெள்ளிக்கிழமை விழாவுக்கு அவள் போகவில்லை. இருந்தாலும் நடந்தது. வராதவர் படத்துக்கு மாலை போடலாமா என்று மேடையில் கொஞ்ச நேரம் குழம்பி, அது வேறு அர்த்தமாகிவிடும் என்று யாரோ சொல்லி, கடைசியில் பொன்னாடையைக் காலி நாற்காலிக்குப் போர்த்திவிட்டார்களாம். அந்தோணிமுத்துதான் சொன்னார். அவரை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

“மேடம், நான் வேலைய விட்டுட்டுப் போயிரவா?”

“நீங்க எதுக்குண்ணே போகணும்?”

“இல்ல, எனக்கு என்ன செய்யிறதுன்னு தெரியல. எதையாச்சும் செய்யணும்ல?”

அவளுக்கும் அதுதான். அந்த நாலு நாளும் எதையாவது செய்ய வேண்டும் போலிருந்தது, செய்ய ஒன்றும் இல்லை. தினமும் காலையில் அஃப்சானா வீட்டுக்குப் போனாள். மருத்துவர் சொன்ன பால், முட்டை, கீரை வாங்கிப் போனாள். குழந்தை ஒரு வாய் தின்றால் நைனா முகமது அவளைப் பார்த்துத் தலையாட்டுவார், துப்பினால் சுவரைப் பார்ப்பார்.

போன பருவத்தில் அவள் மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்திருந்தாள். காரீயம் எங்கிருந்து வந்தது என்பது பாடம். சூரியன் பிறப்பதற்கு முன்னாலேயே வாழ்ந்து முடிந்த நட்சத்திரங்கள், தங்கள் கிழட்டு வயதில், ஆயிரக்கணக்கான வருஷமாகச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துச் செய்தது. மிகப் பழைய நட்சத்திரங்களின் ஒளியைப் பிரித்து அதில் காரீயத்தின் நிறமாலைக் கோடு தெரிகிறதா என்று இன்றைக்கும் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று கரும்பலகையில் வரைந்தும் காட்டினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். நட்சத்திரம் சேர்த்ததை வாங்கி எலும்பு தனக்குள் சேர்த்துவைத்துக்கொள்ளும், கால்சியம் என்று நினைத்து ஏமாந்து சேர்த்துவைத்துக்கொள்ளும் என்பதை அந்த வகுப்பில் அவள் சொல்லவில்லை. பாடத்திட்டத்தில் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் முடிவு வந்தது. அந்தோணிமுத்துவுக்கும் மரியராஜுக்கும் கொஞ்சம்தான் இருந்தது, பயமில்லை என்றார் மருத்துவர். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“பையனுக்கு ஐம்பத்து நாலு இருக்கு. அஞ்சுக்கு மேல போனாலே நாங்க கவனிக்க ஆரம்பிப்போம். மருந்து சென்னையிலேருந்து வருது, திங்கக்கிழமை ஆரம்பிச்சிரலாம். ரத்தத்துல இருக்கிறது குறையும். வயித்துவலி போயிரும், சாப்பிட ஆரம்பிச்சிருவான். அதுல எனக்குச் சந்தேகம் இல்ல.”

“அப்ப சரியாயிரும்ல டாக்டர்?” என்றார் நைனா முகமது.

“எலும்புக்குள்ள போனது மெதுவாத்தான் வெளிய வரும். திரும்பத் திரும்பப் பாக்கணும்.” அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். “மூளையில என்ன செஞ்சிருக்குன்னு இப்பச் சொல்ல முடியாது. பேச்சு, படிப்பு, ஒரு இடத்துல உக்கார்றது, இதெல்லாம் ஸ்கூல் போற வயசுலதான் தெரியும். ஒண்ணும் இல்லாமலும் போகலாம்.”

“இருந்தா மருந்து இருக்கா?”

“அதுக்கு மருந்து இல்ல.”

நைனா முகமது மருந்துச் சீட்டோடு கீழே போனார். வராந்தா பெஞ்சில் அஃப்சானாவும் அன்புக்கரசியும் உட்கார்ந்திருந்தார்கள். தப்ரேஸ் தாயின் மடியில் தூங்கிப்போயிருந்தான். தூக்கத்திலும் வயிற்றில் ஒரு கை இருந்தது.

“மேடம், நீங்க பெரிய படிப்பு படிச்சவுக,” என்றாள் அஃப்சானா. “எம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க.”

சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதான், கேட்கிறவள் அதை வைத்துக்கொண்டு இன்று சாயங்காலத்தையாவது கடத்துவாள். அன்புக்கரசி வாயைத் திறந்தாள், ‘உறுதி இல்லை’ என்றுதான் அவளுக்குச் சொல்ல வந்தது. அதையும் சொல்லாமல் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டாள். “எனக்குத் தெரியல அஃப்சானா.”

அஃப்சானா தலையாட்டினாள். கீழே மருந்துக் கடையில் யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு, ரொம்ப மெதுவாக, கேட்கலாமா கூடாதா என்று தயங்குகிற குரலில் கேட்டாள்.

“அந்தக் கல்லாச்சும் நெசமா மேடம்? ஊரெல்லாம் சொல்றாகளே, அது ஏழை பாழைக்கெல்லாம் கரண்டு குடுக்கும், ஆஸ்பத்திரிக்கு ஆகும்னு. அதாச்சும் நெசமா?”

“இல்ல. வெறும் இரும்பு.”

“அப்ப எம் புள்ளைக்கு இது எதுக்காக மேடம்?”

கோபமாகக் கேட்டிருந்தால் அன்புக்கரசி அழுது தீர்த்திருப்பாள். அஃப்சானாவின் குரலில் கோபம் துளியும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், தெரிந்தவர் என்றுதான் இவளிடம் கேட்டாள், பதில் வரும் என்று முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.